தவமலருக்குச் சமைச்ச வான்கோழி

அந்தச் சீட்டில இருக்காதையும் தம்பி, பஸ் ஓடேக்குள்ள அது ஆடும். கீழ நட்டு ஒண்டு கழண்டு போச்சு. நான் முதல்ல அதிலதான் இருந்தனான். இஞ்சால வாரும், என்ர பக்கத்தில இரும்.

தமிழ்தானே? முகத்தைப் பார்க்கவே விளங்கினது. பயப்பிடாதையும், ஊர் எது, ஆற்றை மகன் எண்டெல்லாம் கேக்கமாட்டன். எனக்கு இறங்க இன்னும் கன தூரம் இருக்கு, அவ்வளவுதான். காதில பூட்டியிருக்கிற இயர்போனை வேணுமெண்டால் ஒரு பக்கத்துக்கு மட்டும் கழட்டினால் காணும்.

நான் குலசிங்கம். இருபத்தேழு வருசம் கார்ச் சாமான் செய்யிற பிளாண்டில குவாலிட்டி இன்ஸ்பெக்டர். கார்க் கதவைத் திறக்கப் பிடிக்கிறீரெல்லோ, அந்தக் கைபிடி. ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு கைபிடி என்ர கண்ணுக்கு முன்னால போகும். கீறல், குமிழி, நிற வித்தியாசம் எதுவா இருந்தாலும் பிடிச்சிடுவன். பிழை பிடிக்கிறது என்ர குணமில்லை தம்பி, என்ர உத்தியோகம். இதை நான் என்ர மனுசிக்கும் கன தரம் சொல்லியிருக்கிறன்.

மனுசி பேர் தவமலர். பங்குனி மாதம் மகள் வீட்டை போனவ. பேத்தியைப் பார்க்கப் போட்டா எண்டு ஆக்களுக்குச் சொல்லி வைச்சிருக்கிறன். பேத்திக்கு வயசு பதினாறு. தானே கார் ஓடிப் பழகிறாள். அதால அந்தக் கதையை இப்ப ஒருத்தரும் பெரிசா நம்புறேல்லை. உண்மையைச் சொன்னால் அவ என்னை விட்டிட்டுப் போனவ. இதை நான் வேற ஒருத்தருக்கும் சொன்னதில்லை. நீர் முன்பின் தெரியாத ஆள், உமக்குச் சொல்லலாம்.

ஏன் போனவ எண்டு கேட்டால் எனக்குத் தெரியாது. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. நான் குடிக்கிறேல்லை. கை நீட்டினதில்லை. தை மாதம் பென்சன் எடுத்துக்கொண்டு வீட்டில நிண்டன். சும்மா இருக்கேலாமல் ஃபிரிட்ஜ் கதவில ஒரு தாள் ஒட்டினன். உதவியாத்தான். திகதி, கறியின்ர பேர், உப்பு, உறைப்பு, பதம், பிறகு பத்துக்கு எத்தினை புள்ளி. கடைசியில 'குறிப்பு' எண்டு ஒரு சின்ன இடம். முறையா அடிமட்டம் வைச்சுக் கோடு போட்டனான். பிளாண்டிலயும் இதே தாள்தான், அங்க ஒருத்தரும் கோவிச்சதில்லை.

ரெண்டு மாதம் வடிவாப் போச்சு. ஒரு வியாழக்கிழமை மீன் குழம்பும் புட்டும். நான் ஏழு போட்டன். ஏழு எண்டது நல்ல புள்ளி தம்பி, நான் லேசில ஏழு போடமாட்டன். அடுத்த நாள் காலமை மகள் காரோட வந்து நிண்டாள். மனுசி சூட்கேசைத் தூக்கினா. ஃபிரீசருக்குள்ள ரெண்டு கிழமைக்குக் கறி வைச்சிருந்தா, ஒவ்வொரு டப்பாவிலயும் பேர் எழுதி ஒட்டி. "பிரசர்க் குளிசையை மறக்காமல் போடுங்கோ" எண்டு சொல்லிப்போட்டுப் போனா. நானும் "ஓம்" எண்டன். வேற என்ன சொல்லுறது? ஆள் பின்னேரம் வந்திடும் எண்டுதான் நினைச்சனான்.

அதை விடும். வான்கோழிக் கதைக்கு வாறன்.

ஃபிரீசர் முடிஞ்ச பிறகு நான் பாணும் முட்டையுமா இருந்ததைப் பார்த்திட்டு மகள் மிதிலா ஒரு ஸ்லோ குக்கர் வாங்கித் தந்தாள். மண்சட்டி மாதிரி ஒண்டு உள்ளுக்கு, வெளியில கரண்ட் சட்டி, மேல கண்ணாடி மூடி. காலமை எல்லாத்தையும் போட்டு மூடிப்போட்டு நாங்கள் எங்கட பாட்டில போகலாம், ஆறேழு மணித்தியாலத்தில தானே அவிஞ்சிடும். "அப்பா, இதில ஒரு வேலையும் இல்லை, நீங்கள் அதைத் தொடாமல் விட்டால் காணும்" எண்டு சொல்லித்தான் தந்தவள். அந்த ஒரு சொல்லை நான் வடிவாக் கவனிக்கேல்லை.

புரட்டாசிக் கடைசியில தாங்ஸ்கிவிங் வந்திது. போன வருசம் வரைக்கும் அண்டைக்கு லீவு, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இந்த முறை யோசிச்சன். வெள்ளைக்காரர் வான்கோழி சமைச்சு நன்றி சொல்லுற நாள். மனுசியைச் சாப்பிடக் கூப்பிட்டு, நான் என்ர கையால சமைச்சுக் குடுத்தால், இந்த மனுசன் மாறிட்டார் எண்டு அவவுக்கு விளங்கும். விளங்கினால் வீட்டுக்குத் திரும்பி வருவா. இதுதான் என்ர கணக்கு. மகளிட்டைச் சொல்லிவிட்டன். அம்மா வாறாவாம் எண்டு பதில் வந்திது. அண்டைக்கு ராத்திரி எனக்கு நித்திரை இல்லை.

முழு வான்கோழி அந்தச் சட்டிக்குள்ள போகாது. மூண்டு பேருக்கு அது தேவையும் இல்லை. நெஞ்சுப் பக்கம் மட்டும், எலும்போட, அஞ்சு றாத்தல். எங்கட தமிழ் இறைச்சிக் கடையில போய்க் கேக்க அவன் கத்தியைத் தூக்கி "கறிக்கு வெட்டவோ அண்ணை?" எண்டான். "டேய், கை வையாதை" எண்டு கத்திப்போட்டன். கடைக்குள்ள எல்லாரும் திரும்பிப் பார்த்தவை.

செய்முறை யூடியூபில ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை சொன்னது. அடியில வெங்காயம், கரட், உருளைக்கிழங்கு. அதுக்கு மேல இறைச்சி. மேல பட்டர், உள்ளி, உப்பு, மிளகு. தண்ணி ஒரு சொட்டும் விடக்கூடாது. தண்ணி விடாமல் இறைச்சி எப்பிடி அவியும் எண்டு எனக்கு விளங்கேல்லை, ஆனாலும் விடேல்லை. பட்டரோட எங்கட வறுத்த கறித்தூளும் ரெண்டு கரண்டி குழைச்சுத் தடவினன், தேசிக்காய்ப் புளி விட்டன். காலமை ஆறரைக்குப் பிளக்கைப் போட்டன். பன்ரண்டரைக்கு அவை வருவினம். கணக்குச் சரி.

அந்தப் பிள்ளை இன்னொண்டும் சொன்னவள். இறைச்சிக்கு நடுவில வெப்பமானி குத்திப் பார்க்கோணும், நூற்று அறுபத்தஞ்சு ஃபாரன்ஹீட் காட்டினால்தான் வெந்ததாம். தம்பி, எனக்குச் சந்தோசம் தாங்கேல்லை. சமையலில இப்பிடி ஒரு அளவு இருக்கு எண்டு, கலியாணம் கட்டி நாற்பத்து மூண்டு வருசமா எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. உடன போய் ஒரு வெப்பமானி வாங்கினன். ஒண்டு பிழைச்சால் எண்டு இன்னுமொண்டு வாங்கினன்.

ஏழு மணிக்குத் திறந்து குத்தினன். நாற்பத்தொன்பது. ஏழரைக்குத் திறந்தன். அறுபத்திரண்டு. பிறகு கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கா. ஒரு தாளில நேரத்தையும் சூட்டையும் எழுதிக்கொண்டு வந்தன். என்ன நடக்குதெண்டால், மூடியைத் திறந்த உடன உள்ளுக்கு நிண்ட ஆவி முழுக்க வெளியில போயிடும். சட்டி திரும்பச் சூடேற அரை மணித்தியாலம் வேணும். நான் கால் மணித்தியாலத்தில திரும்பத் திறக்கிறன். பத்து மணிக்கு எண்பத்தெட்டில நிண்டிது, பத்தேகாலுக்கும் எண்பத்தெட்டு. சட்டி பிழை எண்டு முடிவு கட்டினன். கம்பனிக்கு ஒரு கடிதம் கூட மனதுக்குள்ள எழுதத் தொடங்கியிட்டன்.

பன்ரண்டரைக்கு அவை வந்தவை. வான்கோழி நூற்றுப் பதினெட்டில நிக்குது.

மனுசி உள்ளுக்கு வந்து சோபாவின்ர ஓரத்தில இருந்தா. விருந்துக்கு வந்த ஆக்கள் இருக்கிற இடம் அது. ஜாக்கெட்டைக் கழட்டேல்லை. ஹேண்ட்பாக்கை மடியில வைச்சிருந்தா. மெலிஞ்சிருந்தா, ஆனால் முகம் வெளிச்சமா இருந்தது. எனக்கு அது பிடிக்கேல்லை. நான் இல்லாமல் ஆள் வாடிப்போயிருக்கும் எண்டு எதிர்பார்த்தனான்.

"இஞ்சாரும், தேத்தண்ணி குடிக்கிறீரே?" எண்டு கேட்டன். நான் தேத்தண்ணி போடுறன் எண்டு அவவிட்டைச் சொன்னது வாழ்க்கையில அண்டைக்குத்தான்.

"வேண்டாம். பச்சைத் தண்ணி தாங்கோ, காணும்."

தண்ணி குடுத்தன். "குளிசை போடுறீங்களோ?" எண்டா. போடுறன் எண்டன். "பிரசர் பார்த்தவையோ?" எண்டா. பார்த்தவை எண்டன். நான் எழும்பிப் போய் மூடியைத் திறந்தன்.

"அப்பா, மூடியைத் திறவாதேங்கோ! திறக்கத் திறக்கப் பிந்தும்!" எண்டு மகள் குசினி வாசலில நிண்டு கத்தினாள்.

"திறக்காமல் எப்பிடிப் பிள்ளை தெரியும்?"

"தெரியத் தேவையில்லை. நம்பி விடுங்கோ."

நம்பி விடவோ? இருபத்தேழு வருசத்தில ஒரு கைபிடியை நான் நம்பி விட்டிருக்கிறனோ? ஆனாலும் மனுசி பார்த்துக்கொண்டு இருக்கிறா எண்டிட்டு மூடினன். பத்து நிமிசம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தன். பதினோராவது நிமிசம் தண்ணி குடிக்கப் போற மாதிரிப் போய்த் திறந்தன். அண்டைக்கு மொத்தமா இருபத்தஞ்சு தரம். எழுதி வைச்சிருக்கிறன்.

கடைசியா மகள் குக்கரை உயர் சூட்டுக்குத் திருப்பி, எனக்கும் அதுக்கும் நடுவில ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்திட்டாள். மூண்டேகாலுக்கு நூற்று அறுபத்தஞ்சு.

மூண்டு சாப்பாட்டுக் கோப்பை வைச்சு, இறைச்சியைத் தட்டில எடுத்து மேசைக்குக் கொண்டு வந்தன். மனுசிக்கு முதல் துண்டு. நல்ல தடிப்பா, தோலோட. கோப்பையில வைச்சுப்போட்டு நிமிர்ந்து பார்க்கிறன், மகள் என்னை ஒரு பார்வை பார்க்கிறாள்.

"அப்பா, அம்மா விரதமெல்லோ."

"என்ன விரதம்?"

"கௌரி விரதம். உங்களுக்குத் தெரியும் எண்டெல்லோ அம்மா சொன்னவ. இது எனக்கும் உங்களுக்கும் எண்டுதான் நான் நினைச்சன்."

நான் மனுசியைப் பார்த்தன். அவ மேசைவிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தா.

உமக்குத் தெரியுமோ தெரியாது தம்பி, அது கேதாரகௌரி விரதம். புரட்டாசி, ஐப்பசியில வரும். இருபத்தொரு நாள். பகல் முழுக்கச் சாப்பாடில்லை, பின்னேரம் ஒரு நேரம் மரக்கறியோட. கடைசி நாள் கோயிலில காப்புக் கட்டுவினம். கலியாணம் கட்டின பொம்பிளையள் புருசனுக்காகப் பிடிக்கிறது. புருசனுக்கு ஒரு நோய் நொடி வரக்கூடாது எண்டு.

அவ விரதக்காரி எண்டு எனக்குத் தெரியும். இல்லை எண்டு சொல்லேல்லை. வெள்ளி, சஷ்டி, பிள்ளையார் கதை எண்டு வருசத்தில பாதி நாள் ஏதோ ஒண்டு இருக்கும். எது எப்ப, ஆருக்காக எண்டு நான் கேட்டதில்லை. அது அவவின்ர டிப்பார்ட்மெண்ட். எனக்குப் பின்னேர ஷிப்ட். நான் வந்து சாப்பிடேக்குள்ள அவ படுத்திருப்பா. மேசையில இறைச்சிக்கறி மூடி இருக்கும்.

அப்பதான் எனக்கு ஒண்டு பிடிபட்டது. ஒவ்வொரு வருசமும் இலை உதிர்ற காலத்தில ஒரு மூண்டு கிழமை அவவின்ர இறைச்சிக்கறி ஒரு நிலையில நிக்காது. ஒரு நாள் உப்புக் கூட, அடுத்த நாள் காணாது. என்ர நாக்கு அதைக் கண்டுபிடிச்சது. குளிர் தொடங்க மனுசிக்குச் சோம்பல் வருது எண்டு நினைச்சன். சொல்லியும் இருக்கிறன், ஒவ்வொரு வருசமும். அவ விரதத்தோட நிண்டு, வாயில வைச்சு உப்புப் பார்க்காமல் எனக்கு ஆடும் கோழியும் சமைச்சிருக்கிறா தம்பி. எனக்காகப் பட்டினி கிடந்துகொண்டு எனக்கே சமைச்சிருக்கிறா. ஊரில இருந்த காலத்தையும் சேர்த்தால் தொளாயிரத்து மூண்டு நாள். பெருக்கிப் பார்த்தனான்.

"முதலே சொல்லியிருக்கலாமே" எண்டன். எனக்குக் கோவம் வந்திட்டுது. ஏன் வந்தது எண்டு தெரியேல்லை.

"நீங்கள் ஆசையாச் சமைச்சுக்கொண்டிருந்தீங்கள்" எண்டா. எழும்பி, எனக்குக் கோப்பையில இறைச்சி போட்டா, கிழங்கு போட்டா, அடியில நிண்ட சாறை மேல விட்டா. பிறகு எனக்கு எதிர்க் கதிரையில இருந்தா. அப்பதான் ஜாக்கெட்டைக் கழட்டினா.

"சாப்பிடுங்கோ."

சாப்பிட்டன். அவ பார்த்துக்கொண்டே இருந்தா.

"எத்தினை போடுவீங்கள்?"

சிரிக்காமல்தான் கேட்டா. நான் யோசிச்சன். பொய் சொல்லலாம். ஆனால் எனக்குப் பொய்ப் புள்ளி போடத் தெரியாது.

"நாலு. உள்ளுக்குக் காய்ஞ்சு போச்சு. உப்பும் காணாது" எண்டன்.

அதுக்குச் சிரிச்சா. வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில தண்ணி வரச் சிரிச்சா. மகளும் சிரிச்சாள். எனக்கு என்ன பகிடி எண்டு விளங்கேல்லை, ஆனால் வீட்டில சிரிப்புச் சத்தம் கேட்டுக் கன காலம். இதுதான் சமயம் எண்டு நினைச்சுக் கேட்டிட்டன்.

"மலர், நீர் இன்னும் எனக்காக விரதம் பிடிக்கிறீர். அப்ப வீட்டுக்கு வரலாம்தானே?"

சிரிப்பு நிண்டிது. கண்ணைத் துடைச்சுப்போட்டுச் சொன்னா, "உங்களுக்கு ஒண்டும் வரக்கூடாது எண்டு பிடிக்கிறனப்பா. உங்களோட இருக்கிறதுக்கு இல்லை."

கோவமில்லாமல் சொன்னா. கடைக்குப் போற ஆளிட்டைச் சாமான் சொல்லிவிடுற மாதிரிச் சொன்னா. போகேக்குள்ள மேசையைப் பிடிச்சுக்கொண்டுதான் எழும்பினா. முழங்கால் நோவாம். எப்ப தொடக்கம் எண்டு எனக்குத் தெரியாது.

மிச்ச வான்கோழியைப் பக்கத்து வீட்டுப் பிலிப்பினோ மனுசிக்குக் குடுத்தன். நல்ல ருசி எண்டு சொல்லிவிட்டா. பொய்.

அடுத்த நாள் கோயிலுக்குப் போன் பண்ணி ஐயரிட்டைக் கேட்டன், ஆம்பிளையள் அந்த விரதம் பிடிக்கலாமோ எண்டு. தாராளமாப் பிடிக்கலாம், முழுக்கப் பிடிக்கேலாட்டிக் கடைசி ஏழு நாள் பிடியுங்கோ எண்டார். மனுசியைத் திருப்பிக் கூப்பிடுறதுக்குப் பிடிக்கலாமோ எண்டு கேக்க வாய் வந்தது, வெக்கத்தில விட்டிட்டன். ஆனால் முதல் நாள் அதுக்குத்தான் பிடிச்சனான். ரெண்டாம் நாளும் அதுக்குத்தான்.

மூண்டாம் நாள் பின்னேரம் குசினியில நிண்டு கத்தரிக்காய் வெட்டுறன், கை நடுங்குது. பசி. கண் இருட்டிக்கொண்டு வருது. எனக்கு ஒரு கத்தரிக்காய் வெட்டேலாமல் இருக்கு. இந்த நடுங்கிற கையாலதான் அவ இறைச்சி கழுவி, வெட்டி, தாளிச்சு, இறக்கி, மூடி வைச்சிருக்கிறா. நான் வந்து இருந்து உப்புக் கூட எண்டிருக்கிறன். அழுதிட்டன் தம்பி. வெங்காயம் எண்டாலும் ஒரு சாட்டுச் சொல்லலாம், நான் வெட்டினது கத்தரிக்காய். அதுக்குப் பிறகு திரும்பி வரோணும் எண்டு கேக்கேல்லை. அவவின்ர முழங்கால் சுகம் வரோணும் எண்டு மட்டும் கேட்டன். கடவுளுக்கும் ஒரு நேரத்தில ஒரு வேலை குடுத்தால்தான் ஒழுங்காச் செய்வார்.

இண்டைக்கு அமாவாசை, கடைசிப் பூசை. அங்கதான் போறன். அவவும் வருவா, மகள் கூட்டிக்கொண்டு வருவாள். நான் பிடிக்கிறது அவைக்குத் தெரியாது. பொம்பிளையளுக்கு இடக்கையில காப்புக் கட்டுவினம், எங்களுக்கு வலக்கையில. அவ என்ர பேரில அர்ச்சனை செய்விப்பா, என்ர நட்சத்திரம் அவவுக்குத் தண்ணிபட்ட பாடு. பூசை முடிய அவ மகளின்ர காரில போவா, நான் இதே பஸ்ஸில திரும்பி வருவன். அதில எனக்கு இப்ப ஒரு சந்தேகமும் இல்லை.

ஒரே ஒரு கரைச்சல்தான் தம்பி. நானும் அவவுக்கு அர்ச்சனை செய்யோணும். ஐயர் பேர் கேப்பார், தவமலர் எண்டு சொல்லிப்போடுவன். அடுத்ததா நட்சத்திரம் கேப்பார். எனக்குத் தெரியாது. மகளிட்டைப் போனில கேட்டிருக்கலாம், ரெண்டு தரம் எடுத்துப்போட்டு வைச்சிட்டன். தெரியாட்டிச் சுவாமி பேரில செய்வினம்தான், ஆனால் அது பிழை. பிழையெண்டு தெரிஞ்சுகொண்டு நான் ஒண்டையும் விடமாட்டன். அதால, அங்க நிக்கிற அவ்வளவு சனத்துக்கும் முன்னால, நான் திரும்பி அவவிட்டைத்தான் கேக்கோணும், "மலர், உம்மட நட்சத்திரம் என்ன?" எண்டு. நாற்பத்து மூண்டு வருசத்தில நான் அவவிட்டை அவவைப் பற்றிக் கேக்கப்போற முதல் கேள்வி அதுதான்.

மணியை ஒருக்கா அமத்தி விடும் தம்பி. அடுத்தது என்ர நிறுத்தம்.